ஒரு துறையின் தரவு இன்னொரு துறைக்கு உதவுமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளாக மாணவர்கள், நீர்ப்பாசனத்திலும் சுகாதாரத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், மீனவர் சங்கங்களில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று பலர் தங்களிடம் இருக்கும் பதிவுகளைக் காட்டி என்னிடம் கேட்பதுண்டு. ஆள் மாறினாலும் சந்தேகம் அநேகமாக ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

தரவுக்குப் பெறுமதி பார்க்கிறது எண்டா என்ன? விலை போடுறதா?

விலை இல்லை. ஒருவர் தன் தேவைக்காக அளந்து வைத்ததை, அவரை முன்பின் தெரியாத இன்னொருவர் வேறொரு கேள்விக்காக நம்பி எடுத்துப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பதுதான். மழையை அளந்தவர் வயலை நினைத்து அளந்திருப்பார். அதே எண்கள் நுளம்பைப் பற்றி ஆராய்கிறவருக்கு உதவுமா? பாலம் கட்ட மண்ணைத் துளைத்துப் பார்த்த பொறியியலாளரின் குறிப்பு, பழைய கரையோரம் எங்கே இருந்தது என்று தேடும் புவியியலாளருக்கு உதவுமா?

இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். அந்தத் தரவை இனியொருமுறை பெற முடியுமா என்பது ஒன்று. பெற்றதை ஓர் அந்நியர் விளங்கிக்கொள்ள முடியுமா என்பது மற்றது. இனி ஒருபோதும் கிடைக்காத தரவு, விளங்காத நிலையில் கிடப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். அது எனக்கு மிகவும் வருத்தமான விடயம்.

எங்கட ஆய்வு முடிஞ்சுது, கட்டுரையும் வந்திட்டுது. இனி அந்தத் தரவு ஆருக்கு வேணும்?

நம் கடலோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் சொல்கிறேன். அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்டறிவதற்காக, அவற்றைத் தடைசெய்யும் உடன்படிக்கையின் கீழ் உலகக் கடல்களில் நீரடி ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு நிலையம் இந்துசமுத்திரத்தில் டியேகோ கார்சியாத் தீவருகே இருக்கிறது. பல வருடங்களாகச் சேர்ந்த அந்த ஒலிப்பதிவுகளைத் திமிங்கில ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டத்தின் பாடல் அதற்குள் இருந்தது. 2021இல் அதை வெளியிட்டார்கள். குண்டு வெடிப்பைத் தேடியவர்களுக்கு அந்தப் பாடல் வெறும் இரைச்சல். 1980களில் திருகோணமலைக்கு அப்பால் பதிவான நீலத் திமிங்கில ஒலிகளும் இப்படித்தான்: கூட்டங்களைப் பாடலால் பிரித்தறிகிறவர்களுக்கு அவை இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகின்றன.

2004 டிசம்பர் 26ஐ எடுங்கள். கடல்மட்டத்தை அளக்க அனுப்பப்பட்ட ஜேசன்-1 செய்மதி, நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இந்துசமுத்திரத்தின் மேலாகப் போனது. ஆழ்கடலில் சுனாமி அலை சுமார் 60 சென்ரிமீற்றர் உயரமாக இருந்ததை அது பதிந்துவிட்டது. அந்தச் செய்மதியைச் செய்தவர்களின் நோக்கம் சுனாமி இல்லை. ஆனால் சுனாமி எப்படிப் பரவும் என்று கணினியில் கணிக்கும் மாதிரிகளைச் சரிபார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு கோடு அளவீடு இன்றுவரை உதவுகிறது.

சரி, எதைப் பார்த்து இதுக்குப் பெறுமதி இருக்கு, அதுக்கு இல்லை எண்டு சொல்லுறீங்க?

நான் முதலில் கேட்பது, இதை இனி அளக்க முடியுமா என்பதைத்தான். ஆய்வுகூடத்தில் செய்த பரிசோதனையைச் செலவழித்தால் திரும்பச் செய்யலாம். கொட்டியாரக் குடாவில் ஒரு குறிப்பிட்ட மாரியில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டலை அந்த மாரியில் மட்டும்தான் அளக்க முடியும். இயற்கையைப் பார்த்து எழுதிய எதுவும், எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும், இந்த ஒரு காரணத்தால் மேலே வந்துவிடுகிறது.

அடுத்தது, எப்போது, எங்கே, எந்தக் கருவியால், யார், எந்த அலகில் என்ற ஐந்தும் எழுதப்பட்டிருக்கிறதா? இவற்றில் நேரமும் இடமும்தான் உயிர். துறைகள் ஒன்றையொன்று சந்திப்பது அங்கேதான். மருத்துவருக்கும் வானிலையாளருக்கும் பொதுவான சொற்கள் அதிகம் இல்லை. ஆனால் கிண்ணியா, 2017 மார்ச் என்று இரண்டு பேரின் தாளிலும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, எவ்வளவு காலத்துக்குத் தொடர்ச்சியாக, ஒரே முறையில் எடுக்கப்பட்டிருக்கிறது என்பது. புதிய கருவியால் ஒரே ஒரு வருடம் மிகத் துல்லியமாக அளந்ததை விட, சாதாரணக் கருவியால் முப்பது வருடம் ஒரே இடத்தில் அளந்தது பிற துறையினருக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

அப்பா குளத்தில வேலை செய்தவர். மழையும் நீர்மட்டமும் எழுதின கொப்பிகள் வீட்டில இருக்கு. இதெல்லாம் விஞ்ஞானத் தரவா?

ஆம். எறிந்துவிடாதீர்கள். குளத்து நீர்மட்டமும் மழையும் சேர்ந்த பதிவை நீரியல் படிப்பவர் வெள்ளத்தைக் கணிக்கவும், விவசாயம் படிப்பவர் பெரும்போகமும் சிறுபோகமும் எப்படி மாறின என்று பார்க்கவும், சுகாதாரத் துறையினர் மலேரியாவும் டெங்குவும் ஏறிய வருடங்களோடு ஒப்பிடவும் எடுப்பார்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் எந்த ஊரில் எவ்வளவு மழை, எத்தனை நாள் இடைவெளியில் என்று அறிய விரும்பும் ஒருவருக்குத் திருகோணமலை நகரத்து மழைமானி மட்டும் போதாது. கந்தளாய்ப் பக்கத்துப் பதிவு வேறு கதை சொல்லக்கூடும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் மாவட்டத்தில், குளத்து நீர்மட்டக் கொப்பியின் பெறுமதியைப் பற்றி நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கொப்பியைக் கணினியில் ஏற்றும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். பழைய மழைப் பதிவுகள் அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 1.20 என்று எழுதியிருப்பது அங்குலமா மில்லிமீற்றரா என்று பக்கத்தில் குறிக்காவிட்டால் பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. வெற்றிடமாக விட்ட நாள், மழை பெய்யாத நாளா, அளக்காத நாளா? இரண்டையும் பூச்சியம் என்று தட்டச்சு செய்தால் அந்தக் கொப்பியின் பாதி உண்மை போய்விடும்.

இன்னொன்று, திகதி. நம் வானிலை நிலையங்களில் காலை 8.30க்கு, அதற்கு முந்திய 24 மணித்தியால மழையை அளக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் பெய்த மழை இன்று காலையில்தான் அளக்கப்படுகிறது. அதை எந்தத் திகதியில் எழுதினார் என்று அப்பாவிடமோ அவரோடு வேலை செய்தவர்களிடமோ இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விவசாயத்துக்கு ஒரு நாள் முன்பின் பெரிய விடயமல்ல. திடீர் வெள்ளத்தை மணித்தியாலக் கணக்கில் ஆராய்கிறவருக்கு அது மிகப் பெரிய பிழை.

நேரத்தை எழுதியிருக்கிறம்தானே, அதுக்கு மேல என்ன?

இலங்கையில் எடுத்த தரவுக்கு இந்தக் கேள்வி முக்கியம். நம் நாட்டின் கடிகாரம் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு, அதாவது உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு, திரும்பி வந்தோம். இடைப்பட்ட காலத்தில் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டுத்தான் ஆட்கள் சந்திப்பை ஒழுங்குசெய்தார்கள். சில பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன.

சுனாமி நாளும் அந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது. அலை எத்தனை மணிக்கு வந்தது என்று மக்கள் சொன்னதைத் தொகுத்தவர்கள், எந்த நேரம் என்று எழுதாமல் விட்டிருந்தால் அரை மணித்தியாலம் கூடிக் குறையும். அலையின் வேகத்தைக் கணக்கிடுகிறவருக்கு அது தாங்காது. ஆகவே 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட எந்தப் பதிவிலும் எந்த நேரம் என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரியால் கூடும் பெறுமதி கொஞ்சநஞ்சமல்ல.

கடல் வரைபடத்தில இருக்கிற ஆழத்தையும் நில அளவையையும் சேர்த்தா பொருந்தேல்ல. எது பிழை?

அநேகமாக எதுவும் பிழையில்லை. இரண்டும் வேறு வேறு பூச்சியத்திலிருந்து அளக்கப்பட்டவை. கப்பல் தரை தட்டக் கூடாது என்பதால் கடல் வரைபடத்தில் ஆழத்தை மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். நிலத்தின் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் வெள்ள அபாய வரைபடம் போடுகிறவருக்கு அந்தச் சிறு வித்தியாசத்தில் ஒரு தெருவே அடங்கும்.

இடத்துக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய இலங்கை வரைபடங்கள் கண்டவளை என்ற அடித்தளத்தில், அதாவது இடங்களை எண்ணுவதற்கான ஆதாரத்தில், வரையப்பட்டவை. கையில் இருக்கும் ஜிபிஎஸ் வேறு அடித்தளத்தில் காட்டுகிறது. மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். பழைய அளவீட்டில் பாகக் கணக்கில் ஆழம் இருந்தால், அது ஆறடிப் பாகமா, கயிற்றை விரித்த கைகளால் அளந்த மீனவரின் பாகமா என்பதையும் குறியுங்கள். எந்தப் பூச்சியத்திலிருந்து எண்ணினோம் என்பதைச் சொல்லாத ஆழம், வேறு துறைக்காரருக்குப் பெயர் எழுதாத மருந்துப் போத்தல் போன்றது.

யுத்த காலத்தில கனக்க இடைவெளி இருக்கு. அதால பெறுமதி இல்லாமப் போயிடுமா?

போகாது. இடைவெளி இருப்பதை விட, இடைவெளியை மறைப்பதுதான் கேடு. விடுபட்ட மாதங்களைச் சராசரி போட்டு நிரப்பி, நிரப்பியதைச் சொல்லாமல் விட்ட பதிவுகளை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சராசரியிலிருந்து இன்னொருவர் போக்கைக் கணக்கிட்டால், அவர் கணக்கிடுவது நம் கற்பனையைத்தான்.

ஏன் விடுபட்டது என்று எழுதுங்கள். அளந்தவர் இடம்பெயர்ந்தாரா, கருவி உடைந்ததா, திரும்பி வந்தபோது மழைமானியை வேறு வளவில் வைத்தாரா? கடைசிக் காரணம் மிக முக்கியம், ஏனென்றால் இடம் மாறியபின் வரும் வித்தியாசத்தைக் காலநிலை மாற்றம் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அதோடு, இடம்பெயர்வைப் பற்றி ஆராய்கிற சமூகவியலாளருக்கு அந்த வெற்றுப் பக்கங்களே ஒரு தரவு.

கரைவலைக்காரரிட்ட கேட்டு எழுதின மீன் கணக்கு இருக்கு. இதை ஆய்வாளர்கள் எடுப்பினமா?

எடுப்பார்கள், ஒரு நிபந்தனையோடு. எத்தனை கிலோ என்பது மட்டும் இருந்தால் அதிகம் சொல்ல முடியாது. எத்தனை பேர், எத்தனை இழுவை, என்ன கண்ணளவுள்ள வலை, அன்று கச்சான் காற்று அடித்ததா என்பவை பக்கத்தில் இருந்தால், மீன் குறைந்ததா, போனவர்கள் குறைந்தார்களா என்று பிரித்தறியலாம். மீன்வள ஆய்வாளருக்கு வேண்டியது அதுதான். பொருளியலாளர் விலையைக் கேட்பார். போஷாக்குப் படிப்பவர், எந்த மீன் ஊரிலேயே தங்கியது, எது கொழும்புக்குப் போனது என்று கேட்பார்.

மீனின் ஊர்ப்பெயரை அப்படியே வைத்திருங்கள். அதன்மேல் விஞ்ஞானப் பெயரை ஊகித்து எழுதுவதை விட, ஊர்ப்பெயரும் ஒரு படமும் பாதுகாப்பு. ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் வருவதுண்டு. படம் இருந்தால் பிறகு தெரிந்தவர் பிரித்துக்கொள்வார்.

பிழையும் இரைச்சலும் உள்ள அளவீடுகளைத் துப்புரவாக்கித்தானே குடுக்க வேணும்?

துப்புரவாக்கிய பிரதியைக் கொடுங்கள், ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிபிஎஸ் சமிக்ஞை வளிமண்டலத்து நீராவியால் தாமதப்படுகிறது. நிலத்தின் அசைவை அளக்கிறவர்களுக்கு அந்தத் தாமதம் கழித்து எறிய வேண்டிய பிழை. 1990களில் வானிலையாளர்கள் அந்தப் 'பிழை'யிலிருந்தே காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று கணிக்கத் தொடங்கினார்கள். இன்று வானிலை முன்னறிவிப்புக்கு அது பயன்படுகிறது. மழையைப் பார்க்கும் ரேடாரில் தெரிந்த 'அசுத்தம்' பறவைகளின் இடப்பெயர்வைப் படிக்கிறவர்களுக்குத் தரவானது. இரண்டாவது பதிலில் சொன்ன திமிங்கிலமும் இந்த வகைதான்.

சந்தேகமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிரல் வைத்து 'சந்தேகம்' என்று குறித்தால் போதும். எடுப்பதா விடுவதா என்று பயன்படுத்துகிறவர் முடிவெடுக்கட்டும்.

எந்தத் துறைக்கு உதவும் எண்டு முன்னமே சொல்ல ஏலுமா?

ஓரளவுக்கு மேல் முடியாது. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களின் மாலுமிகள் தங்கள் பயணத்துக்காகக் காற்றையும் வெப்பநிலையையும் நாட்குறிப்பில் எழுதினார்கள். இருநூறு வருடம் கழித்து அந்த நாட்குறிப்புகளை வைத்து இந்துசமுத்திரத்தின் அன்றைய காலநிலையை மீட்டெடுக்கிறார்கள். 1964இல் பறந்த நிம்பஸ் வானிலைச் செய்மதியின் பழைய படச்சுருள்களிலிருந்து, சுமார் ஐம்பது வருடம் கழித்து, அன்றைய துருவக் கடற்பனியின் பரப்பைக் கணக்கிட்டார்கள்.

அதனால் 'யாருக்கு உதவும்' என்று பட்டியல் போட்டு, பட்டியல் நீளமாக இருந்தால் மட்டும் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது பதிலில் சொன்ன ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேறு துறையில் உள்ள ஒருவரிடம் தாளைக் கொடுத்துப் பேசாமல் இருங்கள். அவர் எந்த இடத்தில் 'இது என்ன?' என்று கேட்கிறாரோ, அங்கே ஒரு குறிப்பு குறைகிறது. உயிரியல் மாணவர் பொறியியல் மாணவரிடம் காட்டினால் ஒரு பின்னேரத்தில் இது முடியும்.

எல்லாத்தையும் வைச்சிருக்க இடமும் இல்லை, காசும் இல்லை. எதை எறியலாம்?

கணினியில் ஓட்டும் கணிப்பு மாதிரிகள் கக்கிய வெளியீடுகளை எறியலாம், கணினி நிரலும் உள்ளீடும் பத்திரமாக இருந்தால். திரும்ப ஓட்டினால் வரும். ஒரே கோப்பின் 'இறுதி', 'இறுதி இறுதி' பிரதிகளையும், மூலத்திலிருந்து மீண்டும் கணக்கிடக்கூடிய அட்டவணைகளையும் விடலாம். மாதிரிப் பொருள் உறைநிலையில் இருக்குமானால் சில பகுப்பாய்வுகளைத் திரும்பச் செய்துகொள்ளலாம். புறாமலைத் தீவுப் பவளப்பாறையை ஒரு நாளில் எடுத்த படங்களையும், ஒரு மாரியின் அளவீட்டையும் விடாதீர்கள். ஸ்கேன் செய்த பிறகும் மூலக் கொப்பியை வைத்திருங்கள். பென்சிலால் ஓரத்தில் எழுதியது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.

எத்தனை பேர் பதிவிறக்கினவை எண்டு பார்த்துப் புள்ளி போடலாமே?

அந்த எண், தரவின் தரத்தை விடக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் அதிகம் காட்டும். லான்ட்சாட் செய்மதிப் படங்கள் 1972இலிருந்து சேர்ந்தவை. காசுக்கு விற்ற காலத்தில் எடுத்தவர்கள் கொஞ்சம்தான். 2008இல் இலவசமாக்கிய பிறகு பயன்பாடு பலமடங்கு பெருகி, காடு, வயல், நகரம், கரையரிப்பு என்று எல்லாத் துறைகளுக்கும் போனது. படங்கள் அதேதான்.

ஃபெயார் விதிகளுக்கு அமைய இருந்தா நல்ல தரவு எண்டு அர்த்தமா?

2016இல் வெளியான அந்த ஃபெயார் (FAIR) தரவுக் கோட்பாடுகள் நான்கு விடயங்களைக் கேட்கின்றன: தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றத் தரவோடு சேர வேண்டும், திரும்பப் பயன்பட வேண்டும். மிக நல்ல விதிகள்தான். ஆனால் வெப்பமானி இரண்டு பாகை கூடக் காட்டியதா என்பதை அவை சொல்லமாட்டா. தவறாக அளந்த தரவையும் அழகாக அடுக்கி வைக்கலாம். அளவீட்டின் நம்பகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பகிர்ந்தா ஆரும் களவெடுத்துத் தங்கட பெயரில போட்டிடுவினம் எண்டு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. அதற்கு மருந்து ஒளித்துவைப்பதில்லை, முதலில் பதிவு செய்வது. செனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிரந்தர அடையாள எண், உங்கள் பெயர், திகதி மூன்றும் கிடைக்கும். பெயரைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைத் தெரிவுசெய்யலாம். பட்டப்படிப்பு முடியும்வரை திறக்காமல் ஒரு திகதியைக் குறித்து வைக்கவும் வழியுண்டு. உரிமம் எதுவும் எழுதாமல் விடுவதுதான் மோசம். நேர்மையான ஆய்வாளர் எடுக்கப் பயப்படுவார், நேர்மையில்லாதவர் எடுத்துக்கொள்வார்.

பெறுமதி கூடின தரவு எண்டா கட்டாயம் திறந்து வைக்க வேணுமா?

இல்லை. சில தரவு, பெறுமதி கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. டெங்கு நோயாளரின் வீட்டு இடம் நுளம்பை ஆராய்கிறவருக்குத் தங்கம். ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு நாம் கடமைப்பட்டவர்கள். கிராம சேவகர் பிரிவு அளவுக்குத் திரட்டிக் கொடுத்தால் பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதும். ஆனால் ஒரு பிரிவில் ஒரேயொரு நோயாளர் என்றால் திரட்டியும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அப்போது மாதத்தையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளைச் சேர்க்க வேண்டும்.

ஆமை முட்டையிடும் இடம், கோணேசர் கோயில் மலையடியில் நீருக்குள் கிடக்கும் தொல்பொருட்களின் துல்லிய இடம், ஒரு மீனவர் நம்பிக்கையோடு காட்டிய மீன்பிடித் திட்டு என்பனவும் இப்படித்தான். மீனவரின் இடம் அவருடைய பிழைப்பு. எழுதும்போது அவர் எதற்குச் சம்மதித்தார்? 'உங்கள் ஆய்வுக்கு மட்டும்' என்றால் வேறு துறைக்குப் போகுமுன் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்க முடியாத நிலை என்றால் இடத்தைப் பருமட்டாக்குங்கள். இது நேரம் எடுக்கும், ஆனால் அடுத்த மாணவருக்கும் அந்த வாடியில் கதவு திறந்திருக்க இதுதான் வழி.

வெளியில இருந்து வந்த ஆய்வாளர்கள் எங்கட கடலில அளந்துகொண்டு போட்டினம். எங்களுக்கு ஒண்டும் கிடைக்கேல்ல.

இது அடிக்கடி நடக்கிறது, கோபம் சரியானதே. உயிரினப் பதிவுகள் என்றால் ஜிபிஃப் (GBIF), ஓபிஸ் (OBIS) என்ற உலகத் தொகுப்புகளில் இலங்கையின் கிழக்குக் கரையை வரைபடத்தில் தெரிவுசெய்து தேடுங்கள். கேட்டால் கிடைக்காதவை சில அங்கே திறந்தே கிடக்கும். அரச நிறுவனத்திடம் பிரதி இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

இனி வருகிறவர்களிடம் படகு ஏறுமுன் கேளுங்கள்: மூலத் தரவின் பிரதி எப்போது, எந்த வடிவத்தில், இங்கே யாரிடம் வரும்? எழுத்தில் வாங்குங்கள். அளவீட்டு முறையை விளக்கும் குறிப்பும் சேர்ந்து வர வேண்டும் என்பதை அதில் எழுத மறக்கக் கூடாது. எண்கள் மட்டும் வந்தால் முதல் பதிலில் சொன்ன இரண்டாவது சிக்கல் நம் தலையில்தான் விழும்.

என்னட்ட ஒரு பெட்டி நிறையக் கொப்பி இருக்கு. இந்தக் கிழமை என்ன செய்யலாம்?

முதலில் ஒவ்வொரு கொப்பியின் அட்டையையும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுங்கள். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன அளந்தது, எந்த இடம், எந்த வருடத்திலிருந்து எதுவரை, என்ன கருவி, என்ன அலகு, அளந்தவர் இருக்கிறாரா. அந்த ஒரு தாளை வைத்தே வளாகத்தில் உள்ள ஒருவர், எதை முதலில் ஸ்கேன் செய்வது என்று உங்களுக்குச் சொல்ல முடியும். அளந்தவர் இருந்தால் ஸ்கேனை விட்டுவிட்டு முதலில் அவரிடம் போங்கள். கொப்பியில் இல்லாததை அவர் சொல்லச் சொல்ல, உத்தரவு கேட்டுக் குரலைப் பதிவுசெய்யுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல், மாரி தொடங்கு முன் உயரத்தில் தூக்கி வையுங்கள்.